புகுந்த வீட்டுப் பொட்டு

கல்யாணத்துக்குப் போனால் எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் படம் எடுப்பார்கள். நான் தேங்காயை எடுப்பேன். தேங்காய்க்குப் பூசிய மஞ்சள், அதன் மேல் இழுத்த குங்குமக் கோடு, பந்தல் காலில் கட்டிய மாவிலையின் நுனி, வாழைத்தண்டில் செதுக்கிய பூ, மணைப்பலகையின் ஓரத்தில் போட்ட முத்துப் புள்ளி, இதுதான் என் சரக்கு. எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "கனகதுர்கா எடுத்த ஆல்பத்தைப் பார்த்தேன். யாருக்குக் கல்யாணம்னே தெரியல. பூசணிக்காய்க்கா?" என்று என் அக்கா வீட்டுக்காரர் வீர்ராஜு பாவா கோதாவரிப் பக்கத்துக் கோனசீமை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டுமே. அவர் எடுக்கும் படத்தில் ஒருத்தருக்கும் முழுத் தலை இருந்ததில்லை.

ஆனால் ஸ்ரவந்தி தன் கல்யாணத்துக்கு என்னைக் கேமராவோடு வரச் சொன்னாள். அக்கா கிருஷ்ணவேணிக்கு ஒரே மகள் அவள். காக்கிநாடாவில் காலேஜ் படித்த காலம் முழுக்க என் வீட்டில்தான் இருந்தாள்.

"பின்னி, ஐதராபாத்திலேர்ந்து பெரிய செட்டு வருது. ட்ரோன் எல்லாம் உண்டு. ஆனா அவங்க என் மூஞ்சியத்தான் எடுப்பாங்க. மத்ததெல்லாம் நீ எடு. அப்புறமா நாம ரெண்டு பேரும் உக்காந்து ஒண்ணொண்ணா பாக்கணும்" என்றாள்.

பின்னி என்றால் எங்களுக்கு அம்மாவின் தங்கை. எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பின்னி என்று கூப்பிடும்போது என் காதில் அது பாதி அம்மா என்றுதான் விழும். அவளுக்கு ஒன்று என்றால் நான் பொறுக்க மாட்டேன், அது ஊருக்கே தெரியும்.

மாப்பிள்ளை பெயர் பார்கவ். ஐதராபாத்தில் வேலை, நெல்லூர்ப் பக்கத்துப் பூர்வீகம். கல்யாண மையம் மூலமாக வந்த வரன். பாவா நன்றாக விசாரித்ததாகச் சொன்னார். விசாரித்தது உத்தியோகத்தை. வேறு எதையும் விசாரித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கேட்டால், "உனக்கு எல்லாத்துலயும் ஒரு ஓட்டை தெரியும், உன் கண்ணே அப்படி" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அம்பாஜிப்பேட்டையில் கால்வாய் ஓரத்து மண்டபம். காலை முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் பெசரட்டு தோசைக்கு வரிசை நின்று ஒரே கூச்சல். மாப்பிள்ளை பக்கத்தில் இரண்டு கார் ஆட்கள், அவ்வளவுதான். அத்தை இல்லை, மாமா இல்லை, ஒரு சிநேகிதன்கூட இல்லை. மாப்பிள்ளையின் அப்பா ஒரு தூணை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏன் வதினா, உங்க பக்கத்து ஜனம் இன்னும் வரலியா?" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன். சம்பந்தி வீட்டுப் பெண்களை நாங்கள் வதினா என்றுதான் கூப்பிடுவோம்.

"எங்களுக்குக் கூட்டம் ஆகாது வதினா" என்றார் ராஜ்யலட்சுமி. மெதுவான குரல், நல்ல பட்டு, கழுத்தில் கனமாக அவருடைய தாலி. அந்தம்மாளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் என் வேலையைப் பார்த்தேன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் பிடிக்கிற திரையின் குஞ்சம், ஸ்ரவந்தியின் நெற்றியில் கட்டியிருந்த பாசிகத்தின் முத்து, கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு. "பின்னி, கன்னம் முழுசா வருதா?" என்றாள். "கன்னம் எனக்கெதுக்கு? பொட்டு வந்தா போதும்" என்றேன். சிரித்தாள். வாடகைப் படக்காரன் என்னைப் பார்த்து, "அம்மா, ஃபிரேம்ல வராதீங்க" என்று ஐந்தாறு தடவை சொல்லிவிட்டான். "நீ என் ஃபிரேம்ல வராதே தம்பி" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டு அறையில் தாம்பாளங்கள் அடுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். படம் எடுக்கலாம் என்று போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ராஜ்யலட்சுமி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தாலித் தட்டு. அதில் அரிசி, அரிசி மேல் தேங்காய், தேங்காய் மேல் மஞ்சள் கயிற்றில் கோத்த இரண்டு வட்டத் தங்கப் பொட்டுகள். எங்களுக்குத் தாலி என்றால் இரண்டு பொட்டு. ஒன்று பிறந்த வீடு கொடுப்பது, இன்னொன்று புகுந்த வீடு கொடுப்பது. அந்தம்மாள் ஒரு சின்னக் கரண்டியால் ஒரு பொட்டின் மேல் மட்டும் தண்ணீர் விட்டார். பூ ஒன்றைக் கிள்ளி வைத்தார். குனிந்து, "கோபப்படாதே தாயீ. உன்னை விட்டுடல. சாந்தமா இரு" என்றார்.

கௌரி அம்மனுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பக்தியைப் பார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு கேமராவைத் தூக்கினேன். சத்தம் கேட்டதும் அவர் முந்தானையை இழுத்துத் தட்டின் மேல் போட்டார். கரண்டித் தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது.

"தாலியை எல்லாம் படம் எடுக்காதீங்க வதினா. திருஷ்டி."

"கெட்ட கண்ணு இல்லீங்க என்னோடது."

"எடுக்காதீங்கன்னு சொன்னேன்" என்றார். இந்தத் தடவை குரல் மெதுவாக இல்லை. கேமராவை இறக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

முகூர்த்தம் வந்தது. திரைக்கு அந்தப்புறம் பார்கவ், இந்தப்புறம் ஸ்ரவந்தி. வெற்றிலையில் சீரகமும் வெல்லமும் அரைத்து வைத்து, ஒருவர் தலையில் ஒருவர் வைத்து அழுத்த வேண்டும். எங்கள் கல்யாணத்தில் அதுதான் முகூர்த்த நேரம், தாலி அதற்குப் பிறகுதான். புரோகிதர் பந்துலு காரு வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அவர் கை மேலே போனால் கெட்டி மேளம், எங்கள் ஊர் மேளக்காரர்களுக்கு வேறு மந்திரம் தெரியாது. மேளம் மண்டபத்தைப் பிளந்தது. அட்சதை பறந்தது. நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரவந்தியின் கை மருதாணிச் சிவப்போடு திடமாக அவன் தலையில் இருந்தது. அவன் கை பதியவில்லை. வெற்றிலை வழுக்கி அவள் காதுப் பக்கம் இறங்கியது. பந்துலு காரு பிடித்து நகர்த்தி வைத்தார். "மாப்பிள்ளைக்கு வெக்கம்டா!" என்று எங்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். என் படத்தில் அவன் கட்டைவிரல் நகம் ரத்தம் வரும்வரை கடிபட்டிருந்தது.

அப்புறம் தாலித் தட்டு கூட்டத்துக்குள் வந்தது. பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்து கொடுத்த பிறகுதான் கட்டுவார்கள். தட்டோடு கூடவே ராஜ்யலட்சுமியும் வரிசை வரிசையாக நடந்து வந்தார். "சீக்கிரம் தொட்டுக் கொடுங்க, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினார். எங்கள் பெரியப்பாவிடம் அது நடக்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, பொட்டைத் தூக்கிப் பார்த்து, குலதெய்வத்தில் ஆரம்பித்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடிக்க நேரமானது. நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். எடுக்காதே என்று சொன்னது காதில் இருந்தது, ஆனால் அந்தத் தட்டு இப்போது எங்கள் வீட்டுக் கையில் இருந்தது. முன்பக்கம் ஒன்று, விரலால் திருப்பிப் பின்பக்கம் ஒன்று.

"வதினா!" என்றார் அந்தம்மாள்.

"முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்று நகர்ந்தேன்.

தூண் பக்கம் ஒதுங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு பளபளவென்று இருந்தது. அது எங்களுடையது, போன மாதம் ராஜமுந்திரியில் அக்காவும் நானும் போய் வாங்கினது. இன்னொன்று புதிது இல்லை. மேலெல்லாம் பொடிக் கீறல். மடிப்பில் காய்ந்த மஞ்சள் கறுத்து ஒட்டியிருந்தது. கயிறு கோர்க்கிற வளையம் நீண்டு கோணியிருந்தது. யாரோ பிடித்து இழுத்து அறுத்து, அறுந்த இடத்தில் பற்ற வைத்திருந்தார்கள். பற்று வைத்த தங்கம் வேறு நிறத்தில் தழும்பு மாதிரித் தெரிந்தது.

நேராகப் போய் ராஜ்யலட்சுமியிடம் கேட்டுவிட்டேன். எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "வதினா, உங்க பொட்டு பழசா இருக்கே?"

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "அது ஒரு புண்ணியஸ்திரீயோட பொட்டு" என்றார்.

என் அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளையோட நாயனம்மா, அப்பாவைப் பெத்த பாட்டியோடதாடி. புருஷன் இருக்கும்போதே மஞ்சள் குங்குமத்தோட போன மகராசி. மாப்பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்களாம். அந்த அதிர்ஷ்டம் நம்ம பொண்ணுக்கும் வரட்டும்னு குடுக்கறாங்க. இதைப் போய் நோண்டறியே" என்றாள்.

ராஜ்யலட்சுமி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டைப் பின்தொடர்ந்து போய்விட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாட்டியின் தாலி தேய்ந்துதான் இருக்கும், அதில் என்ன. சரி, அழித்துவிடலாம் என்று அடுத்த படத்தைத் திறந்தேன்.

பின்பக்கம் எடுத்தது. அழுக்குக்கு நடுவில் பொடியாக ஒரு ஹால்மார்க் முத்திரை. முக்கோணம், அதன் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. எனக்குத் திக்கென்றது. ராஜமுந்திரிக் கடைக்காரன் போன மாதம்தான் லென்ஸ் வைத்து எங்கள் பொட்டில் இதையே காட்டினான். "இந்த நம்பர் போட ஆரம்பிச்சு சில வருஷந்தாம்மா ஆகுது. பாட்டி காலத்து நகையில தேடாதீங்க, இருக்காது" என்றான்.

பார்கவ் பிறப்பதற்கு முன்பே போன பாட்டியின் தாலியில் இது எப்படி வரும்? இதை வாங்கினதே நேற்று மாதிரி. வாங்கினதை ஒருத்தி கட்டியிருந்திருக்கிறாள், மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறாள். பிறகு அது அறுந்திருக்கிறது. அவள் புருஷனுக்கு முன்னால் செத்திருக்கிறாள். அதனால்தான் புண்ணியஸ்திரீ. அந்தம்மாள் பொய்யே சொல்லவில்லை. அந்த வீட்டில் பிள்ளை என்று இருப்பது பார்கவ் ஒருத்தன்தான்.

தட்டு கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

பாவாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "பாவா, இதைப் பாருங்க. இந்தப் பையனுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கு. அந்தப் பொண்ணு செத்துப்போயிருக்கு. அவ தாலியத்தான் நம்ம பொண்ணுக்குக் கட்டப் போறாங்க."

"உனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்றார். "படத்துல என்ன இருக்கு? ஒரு அழுக்குப் புள்ளி! இதைக் காட்டி மேடையில கல்யாணத்தை நிறுத்தச் சொல்றியா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

"சீரக வெல்லம் வெச்சாச்சு துர்கா. நம்ம வழக்கப்படி கல்யாணம் முடிஞ்சுபோச்சு. இனிமே தாலி கட்டினாலும் கட்டாட்டியும் அவ அவன் பொண்டாட்டி. இப்ப வாயைத் தொறந்தா என் பொண்ணுதான் வாழாவெட்டி. போ, போய்ப் பூசணிக்காயைப் படம் எடு."

அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பயந்தவர் பெண்ணைக் காப்பாற்ற வேண்டாமா? மானத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே மனிதர்! அக்காவைப் பார்த்தேன். அவள் ஆனந்தக் கண்ணீரில் இருந்தாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தட்டு மேடை ஏறியது. பந்துலு காரு மந்திரத்தை ஆரம்பித்தார். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கி அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் எல்லாரும் உள்ளங்கையில் அட்சதையோடு எழுந்து நின்றார்கள்.

நான் மேடை ஏறினேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. தேங்காயை எடுக்கிற பைத்தியம் வருகிறது என்று வழிவிட்டார்கள். "அய்யோ, ஃபிரேம்!" என்று அந்தப் படக்காரன் மட்டும் கத்தினான். பார்கவுக்கும் ஸ்ரவந்திக்கும் நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கேமராவை நீட்டினேன். என்னால் எப்படிச் சிரிக்க முடிந்ததோ தெரியாது.

"மாப்பிள்ளே, கட்டறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பொட்டோட அழகைப் பாருங்க. நான் எடுத்தது."

"பின்னி, இப்பவா!" என்று ஸ்ரவந்தி சிரித்தாள்.

பார்கவ் குனிந்து பார்த்தான். கேமராத் திரையில் அந்த வளையம் மட்டும் பெரிதாக இருந்தது. அவன் கண் தட்டுக்குப் போய், மறுபடி திரைக்கு வந்தது. உதடு வெளுத்தது. உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் நகர்ந்து, தட்டிலிருந்து விலகினான்.

"அம்மா" என்றான். பந்துலு காருவின் மைக் அவன் முன்னால்தான் இருந்தது. "இதை ஆத்துல போடச் சொன்னேன்ல? போட்டுட்டேன்னு சொன்னியே! அறுந்ததை ஒட்ட வெச்சு இங்க கொண்டாந்திருக்கியே!"

பின்வரிசைக்குப் பாதிதான் கேட்டிருக்கும். முன்வரிசைக்கு முழுசும் கேட்டது.

"மெதுவா பேசுடா" என்றார் ராஜ்யலட்சுமி. மகன் தோளைப் பிடித்து அழுத்தினார். "உனக்காகத்தான்டா செஞ்சேன். அவளை அனாதையா விட்டா அவ சும்மா இருப்பாளா? ராத்திரியெல்லாம் நீ அலறறதை நான்தானே கேக்கறேன். மூத்தவ பொட்டு எளையவ கழுத்துல ஏறிட்டா அவ சாந்தமாயிடுவா. நம்ம வீட்டு வழக்கம்டா அது. கட்டிடு. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிடு."

"அவன்னா யாரு?" என்று ஸ்ரவந்தி கேட்டாள்.

தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, காலையிலிருந்து வாய் திறக்காத மனிதர், தரையைப் பார்த்தபடியே, "எங்க மருமக" என்றார்.

கீழே என் அக்கா "அய்யோ தெய்வமே" என்று உட்கார்ந்துவிட்டாள். பாவா அவளைத் தாங்கவும் இல்லை, மேடைக்கு வரவும் இல்லை. மரமாக நின்றார்.

ஸ்ரவந்தி என் கையிலிருந்த கேமராவை வாங்கிக்கொண்டாள். அவசரப்படவில்லை. உட்கார்ந்து ஒண்ணொண்ணா பார்க்கணும் என்று அன்றைக்குச் சொன்னாளே, அப்படியே பார்த்தாள். அந்தக் கீறலை, அந்த மஞ்சளை, இழுபட்ட வளையத்தை. பிறகு பார்கவைப் பார்த்தாள்.

"இது எப்படி அறுந்துச்சு?"

அவன் மடியில் இருந்த வலது கையை மெல்ல அங்கவஸ்திரத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டான். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். தலையில் கையை வைத்து, ஒட்டியிருந்த சீரக வெல்லத்தை வெற்றிலையோடு பிய்த்து எடுத்தாள். கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. அதை அந்தத் தாலித் தட்டில், தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏம்மா பொண்ணே! அதை எடுக்கக் கூடாது, நில்லு!" என்று பதறிப்போய்ப் பந்துலு காரு வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அந்தக் கைக்காகத்தானே மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். கெட்டி மேளம் முழங்கியது. பின்வரிசையில் இருந்தவர்கள், எதுவும் தெரியாத பாவிகள், நாற்காலி மேல் ஏறி நின்று அட்சதையை வீசினார்கள். பந்துலு காரு கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அவர் ஆட்ட ஆட்ட மேளம் இன்னும் பலமாக அடித்தது.

ஸ்ரவந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். நடுவழியில் நடந்தோம். இரண்டு பக்கத்திலிருந்தும் மஞ்சள் அரிசி எங்கள் மேல் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ ஒரு கிழவி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "நூறு வருஷம் தீர்க்க சுமங்கலியா இரு தாயீ" என்றாள். ஸ்ரவந்தியின் விரல் என் மணிக்கட்டில் எலும்பு வரைக்கும் அழுந்தியது.

வாசலைத் தாண்டினதும்தான் என் பக்கம் திரும்பினாள். இமையில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது.

"அந்தப் படத்தை அழிச்சிடாதே பின்னி" என்றாள். "அந்தப் பொண்ணோட அம்மா அப்பா எங்க இருக்காங்கன்னு தேடணும்."